பதினாலு நானாவும் பழுதாகாத கொயிலும்

பழுதாகாத சாமான்களை அதிகமாகக் கழற்றிப் போட்டவர் யார் என்று கண்டிப் பகுதியில் ஒரு போட்டி வைத்தால், முதலாம் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பதினாலு நானாவே எடுத்துக்கொள்வார்.

பிலிமத்தலாவையில் மிளகும் கராம்பும் பொதி செய்யும் ஒரு நிறுவனத்தில் அவர் ஸ்டோர் கீப்பர், நான் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். நானா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன்; பதினாலு என்பது மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. மோட்டார் சைக்கிள் ஓடும்போது எஞ்சினில் உள்ள கொயில் கரண்டை உண்டாக்கும். ரெக்டிபயர் என்ற சின்னப் பெட்டி அதைச் சீராக்கிப் பற்றரிக்கு அனுப்பும். பற்றரியில் பதினாலு வோல்ட் காட்டினால் வண்டிக்குச் சுகம். காலையில் யாரைக் கண்டாலும் சலாமுக்கு அடுத்தபடி நானா கேட்பது, "பதினாலு ஈக்கிதா?" கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளரிடமும் கேட்டார். அவரோ தம் இரத்தப் பரிசோதனையைக் கேட்கிறார் என்று நினைத்து, "பன்னிரண்டுதான், ஈரல் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்" என்று வருத்தத்தோடு பதில் சொன்னார்.

நானா தம் பைக்கில் மூன்று முறை கொயில் மாற்றியிருக்கிறார். மூன்றும் பழுதாகவில்லை. கழற்றியவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஒவ்வொன்றிலும் திகதியும் காரணமும் எழுதிய துண்டு கட்டியிருந்தார். காரணம் எல்லாவற்றிலும் ஒன்றே: "நன்றாக வேலை செய்கிறது. எப்போது சாகும் என்று தெரியாது." திகதி எழுதும் மனிதர்களிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா கடுகண்ணாவை மலைக்குக் கீழே ஒரு பாடசாலையில் ஆசிரியை. மாலை வகுப்பு முடியும் நேரத்தில் வரும் பஸ்கள் நிரம்பி வழியும், நிற்காது. ஆகவே நான் மலையிறங்கிப் போய் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவேன். இது நானாவுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒங்கட கொயில் எத்தின வருஷம்?"

"பதினொன்னு, நானா. நல்லாத்தான் வேலை செய்யுது."

"அதான் பயம். நல்லா வேல செய்றது செல்லாமக் கொள்ளாமப் போகும். நெனச்சிப் பாருங்க. மலையில மூணாவது வளைவு. ஒரே பனி. ரெக்டிபயர் போகுது. லைட் இல்ல. பின்னால கன்டெய்னர் லொறி. மிச்சத்தையும் செல்லவா?"

"வேணாம் நானா."

"செல்றன், கேளுங்க."

சொன்னார். லொறியின் டயர் எண்ணிக்கை வரைக்கும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வளைவு வரும்போதெல்லாம் என் முழங்கால் நடுங்கியது. குளிர் என்று நினைத்து ஸ்டெல்லா எனக்கொரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள்.

ஒக்டோபர் போயா என்ற பௌர்ணமி விடுமுறையன்று காலை 8.10க்கு, பூட்டிய ஸ்டோரின் பின்முற்றத்தில் அறுவை சிகிச்சை தொடங்கியது. புதுக் கொயில். காற்றுப் படும் இடத்தில் பெரிய ரெக்டிபயர். அதிலிருந்து பற்றரிக்கு நேராகத் தடித்த வயர், நடுவில் பியூஸ். ஒவ்வொரு ஈயப் பற்றுக்கும் முன்னால் அவர் பிஸ்மில்லா சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கடைசியாக ஹேண்டிலில் ஒரு சின்ன வோல்ட் மீட்டரைப் பூட்டினார். சிவப்பு எழுத்தில் பதினாலு மின்னியது.

"இது பதிமூணுக்குக் கீழ போனா நிப்பாட்டுங்க. யோசிக்கவே வேணாம்."

அந்த வாரம் வியாழக்கிழமை, மாலை 5.52. மழை விட்டு, பனி இறங்கியிருந்தது. ஸ்டெல்லாவோடு மலையேறினேன். ஹெட்லைட்டைப் போட்டதும் மீட்டர் 12.9 காட்டியது. பிறகு 12.6. வளைவில் நிறுத்த இடமில்லை. 12.4.

"ஏங்க, குனிஞ்சு என்னத்தப் பாக்குறீங்க?"

"பன்னெண்டு புள்ளி நாலு."

"ரோடு அங்க இருக்குங்க!"

நிமிர்ந்தேன். வளைவிலிருந்து ஒரு பஸ் முழு உருவத்தோடு வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா "மாதாவே!" என்று கத்தியதும் நான் வெட்டி ஒடித்ததும் ஒரே கணம். பஸ்ஸின் காற்று என் முழங்கையில் பட்டது. கொஞ்சம் மேலே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தி, நானாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எஞ்சின நிப்பாட்டாதீங்க! இல்ல, நிப்பாட்டுங்க! அங்கேயே நில்லுங்க, வாறன்!"

முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு த்ரீவீலரிலிருந்து இறங்கினார்.

"ஒங்க பைக் எங்க நானா?"

"இந்தப் பனியிலயா? பைத்தியமா தம்பி?"

"அப்ப நாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

நானா எஞ்சினை ஓடவிட்டு, லைட்டையும் போட்டு, கையில் கொண்டுவந்த மீட்டரைப் பற்றரியில் வைத்தார். 14.2. மறுபடி வைத்தார். 14.2. டோர்ச் அடித்து ஹேண்டில் மீட்டரின் வயரைத் தடவிக்கொண்டே போனார். அது ஹெட்லைட்டுக்குப் போகும் பழைய மெல்லிய வயரில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. லைட் எரிந்தால் அந்த வயரில் மட்டும் வோல்ட் குறையும். வண்டி முழுக்க மாற்றியவர் மாற்றாமல் விட்ட ஒரே வயர் அது.

நானா கடை வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். 

"தங்கச்சி, ஒண்டும் ஆகக் கூடாதுண்டுதான் செஞ்சேன். நானே ஒங்கள பஸ்ஸுக்குள்ள அனுப்பப் பாத்தீக்கேன்."

"தேத்தண்ணியக் குடிங்க நானா. அடுத்த தடவ பஸ்ஸுக்கும் ஒரு மீட்டர் பூட்டிருங்க."

நானா எழுந்து போய், ஹேண்டில் மீட்டரை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போங்க. நான் பின்னால வாறன்."

மழை மறுபடி தொடங்கியது. எங்கள் ஹெட்லைட் பனியைக் கிழித்துக்கொண்டு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காக நானா த்ரீவீலருக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார். டிரைவர் உள்ளே இழுக்க இழுக்க, தலை மறுபடி வெளியே வந்தது. வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே வந்தார்.

அந்தப் பாதையில் நான் லைட்டுக்குப் பயப்படவில்லை, லொறிக்கும் பயப்படவில்லை. இந்த மனிதர் இப்படி நனைகிறாரே, காய்ச்சலில் விழுந்துவிடப்போகிறாரே என்று மட்டும்தான் பயந்துகொண்டு போனேன்.