கூடைப்பந்து, மாவட்ட அளவில்

கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு நடுவில் நின்ற வனமாமலைக்கு, பாஸ்கெட்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதே தெரியாது. எதிரே பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். சரி, பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் பி லைன் சூப்பர்வைசர். அந்தப் பெண்களை விளையாடுவதற்கென்றே கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது. மதியம் வரை அவர் லைனில் வேலை, பிறகு பயிற்சி. முன்பு இருந்த கோச் தேசிய அளவில் ஆடியவர். ஒரு தோல்விக்குப் பிறகு கோபத்தில் தண்ணீர் கேனை உதைத்தார். கேன் நிறைய தண்ணீர் இருந்தது. கால்விரல் முறிந்து ஊருக்குப் போனவர், போனவர்தான்.

முந்தைய நாள் எச்.ஆர். மேலாளர் சங்கரநாராயணன் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே நீங்கதான் கோச். உங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுதான் முடிவு பண்ணியிருக்கோம்."

என்ன தெரிந்தது என்று வனமாமலைக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் பழைய பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாங்குநேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அடித்தது. கடைக்காரர் எவனோ ஒருவனுடைய ஃபைலைத் திறந்து பெயரையும் அப்பா பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார். கடைசி வரி அப்படியே கிடந்தது. 'பொழுதுபோக்கு: கூடைப்பந்து, மாவட்ட அளவில்.'

மனைவி கனகலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள்.

"ஒங்களுக்குத் தாயமே ஒழுங்கா ஆடத் தெரியாதே. போய் உண்மையச் சொல்லிருங்க."

"சொன்னா வேலை போயிரும்ட்டி. பொய்த் தகவல் குடுத்தா நீக்கிருவோம்னு ஆர்டர்லயே போட்டிருக்கு. மூணு வருசமா காத்துக் கெடக்கேன். ரெண்டு மாசத்துல பெர்மனென்ட் பண்ணிருவாவ."

"அதுவரைக்கும் என்ன செய்வீக?"

"விசில் அடிப்பேன்."

அடித்தார். பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாததால், தினமும் காலையில் ஷிஃப்ட் ஆரம்பத்தில் லைனில் என்ன கேட்பாரோ அதையே கேட்டார்.

"நேத்து என்ன பிரச்சனை? இன்னைக்கு என்ன டார்கெட்? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முப்பிடாதி கையைத் தூக்கினாள். அணியில் அதிகமாகப் பந்து போடுகிறவள் அவள்தான்.

"எனக்கு முட்டி வலிக்கி சார்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"லைன்ல உக்காந்து வேலை, வலிக்காது. கோர்ட்டுல யாரும் கேக்கலையே சார்."

உடனே அவளை மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினார். டாக்டர் இருபது நாள் ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. முதல் நாளிலேயே அணியின் முதுகெலும்பைப் படுக்க வைத்த பெருமை கோச்சுக்குக் கிடைத்தது.

மறுநாள் கேப்டன் எவாஞ்சலின் நேராக வந்து நின்றாள். சுங்குவார்சத்திரத்துப் பெண், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"சார், முப்பிடாதி இல்லாம இன்னா பண்றது? டிஃபென்ஸ்ல மேன் டு மேன் ஆடலாமா, ஜோன் ஆடலாமா?"

வனமாமலை தாடையைத் தடவினார். இரண்டாவது இரயில்வே சம்பந்தப்பட்டதாக அவர் காதில் விழுந்தது.

"நீங்க என்ன நினைக்கிய?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். எவாஞ்சலின் ஒன்று சொன்னாள். அணியிலேயே சின்னவள் கனிஷ்கா அதை மறுத்தாள். அதுவரை பெஞ்சை விட்டு எழுந்திராத பெண் அவள். முக்கால் மணி நேரம் பதினொரு பேரும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சண்டை பிடித்தார்கள். இடையிடையே அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். பயிற்சி கெட்டது, என் வேலையும் கெட்டது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் சங்கரநாராயணன் சொல்லியனுப்பினார். "நாளைக்கு ஃபேக்டரி ஹெட் பிராக்டீஸ் பார்க்க வர்றார். நீங்களும் ரெண்டு பந்து போட்டுக் காட்டுங்க, சந்தோஷப்படுவார்."

வனமாமலை அன்று சோறு சாப்பிடவில்லை. மறுநாள் வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு வந்தார். பைக்கில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். ஃபேக்டரி ஹெட் அனுதாபப்பட்டுப் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பெண்கள் விடவில்லை, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் மணிக்கட்டை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"வலிக்குது."

"இங்க?"

"அங்கயும்."

"எங்க தொட்டாலும் வலிக்குதா? அப்ப ரிஸ்க் எடுக்கக் கூடாது" என்று முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்.

கனகலட்சுமி அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு திட்டு.

ஞாயிற்றுக்கிழமை எவாஞ்சலினும் முப்பிடாதியும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் விபூதிப் பொட்டலம். வாரத்தில் இருக்கிற ஒரே ஓய்வு நாளில், அணி முழுவதும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் அவர் கைக்காக அர்ச்சனை செய்திருந்தது.

"நீ சர்ச்சுக்குப் போவலையாம்மா?" என்று எவாஞ்சலினைக் கேட்டார்.

"காலைலயே போயி அங்கயும் உங்களுக்கு ஜெபம் பண்ணேன் சார்."

அவர்கள் போன பிறகு வனமாமலை மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறோமே என்ற வெட்கம் அன்று பெரிதாக இருந்தது. போட்டி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்தார்.

தோற்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அணியோ ஜெயித்துக்கொண்டே போனது. சாக்பீஸ் கோடுகளை அவர்கள் மறக்கவில்லை போலிருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு முப்பிடாதியும் வந்துவிட்டாள்.

இறுதி ஆட்டம். மூன்று நிமிடம் பாக்கி, ஒரே ஒரு புள்ளி முன்னிலை. வனமாமலைக்கு மாவுக்கட்டுக்குள் தாங்க முடியாத அரிப்பு. வலது கையைச் செங்குத்தாக நிமிர்த்தி, கட்டுக்கு வெளியே எட்டிய விரல்நுனிகளின் மேல் இடது உள்ளங்கையைப் படுக்க வைத்துத் தேய்த்தார். மேஜையில் இருந்த அதிகாரி அதை டைம் அவுட் கேட்கும் சைகையாக எடுத்துக்கொண்டு மணி அடித்துவிட்டார். பெண்கள் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன சார்?"

"தண்ணி குடிங்க" என்றார். குடித்தார்கள். அப்போதுதான் முப்பிடாதி ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பதைப் பார்த்தார்.

"முட்டி வலிக்கோ?"

"இல்ல சார், ஆடிருவேன்."

"வலிக்கா, இல்லையா?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"உக்காரு. கனிஷ்கா, நீ போ."

எவாஞ்சலின் பதறினாள். "சார், மூணே நிமிஷம் கீது. ஒரு பாயிண்டுதான் லீடு."

"அந்த முட்டி அவளுக்கு இன்னும் அம்பது வருசத்துக்கு வேணும்மா. லைன்ல கோளாறுன்னு தெரிஞ்சா நிறுத்திரணும். தெரிஞ்சே ஓட்டக்கூடாது."

கேலரியில் ஃபேக்டரி ஹெட் எழுந்து நின்றுவிட்டார். சங்கரநாராயணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கனிஷ்கா உள்ளே போன வேகத்தில் பந்தைத் தவறவிட்டாள், எதிர் அணி ஒரு புள்ளி மேலே போனது. பிறகு என்ன நடந்தது என்று வனமாமலை பார்க்கவில்லை. முப்பிடாதியின் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் கேட்டது, கனிஷ்காவை எல்லாரும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு ஜெயிச்சா?" என்று முப்பிடாதியிடம் கேட்டார்.

"நாமதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். காரணம் தெரியாமலே அவருக்கும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை சங்கரநாராயணனிடமிருந்து போன் வந்தது. "உங்க பயோடேட்டா காப்பி ஒண்ணு எடுத்துக்கிட்டு உடனே என் ரூமுக்கு வாங்க."

வனமாமலை விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மேலாளர் மீட்டிங்கில் இருந்தார். அறை வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைப்பாக்கத்து கிளாராதான் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தவருக்கு அடக்க முடியவில்லை. பிரவுசிங் சென்டர், கடைசி வரி, பேண்டேஜ், மாவுக்கட்டு என்று எல்லாவற்றையும் அவளிடமே கொட்டிவிட்டார்.

"எனக்கு பாஸ்கெட்பால் தெரியாதும்மா. மாவட்ட அளவுன்னு போட்டிருக்கத பாத்து என்னைய கோச்சாக்கிட்டாவ. அந்தப் பிள்ளைகள ஏமாத்திட்டேன். சார்ட்ட நீயே சொல்லிரு, நான் வீட்டக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிருதேன்."

கிளாரா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"இன்னா சார் நீங்க. உங்க பயோடேட்டாவ எவன் படிச்சான்? அது எந்தக் கட்டுல கீதுன்னே தெரியல. கப்பு ஜெயிச்சதால பெர்மனென்ட் ஆர்டர் இப்பவே அடிக்கணுமேன்னுதான் உங்களாண்ட காப்பி கேட்டாரு."

"அப்ப என்னைய எதப் பாத்து கோச்சாப் போட்டாவ?"

அவள் மேஜை டிராயரிலிருந்து பன்னிரண்டு கையெழுத்துகள் உள்ள ஒரு தாளை எடுத்து, அவருக்கு முன்னால் வைத்துத் தானே படித்தாள்.

"'ஐயா, பாஸ்கெட்பால் எங்களுக்கே நல்லாத் தெரியும். அதனால இந்தத் தடவையாவது அது சுத்தமாத் தெரியாத ஆளாப் பாத்து, பி லைன் வனமாமலை சாரைப் போடுங்க.'"