மெஷின் பொய் சொல்லாது

"காலையில நூத்தி இருபத்தாறுன்னு போன்ல சொன்னே. மெஷின்ல நூத்தி நாப்பத்தெட்டு நிக்குதே?"

வேலையிலிருந்து வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பொத்தானை அமுக்கி, அதில் கடைசியாகப் பதிந்திருந்த அளவை நோட்டில் எழுதினான். தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகன். யாராவது வாயால் சொன்னதை எழுதிப் பழக்கமில்லை.

எட்டு மாத வயிற்றோடு மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் பாத்தப்போ நூத்தி இருபத்தாறுதாங்க. மாத்திரையும் நேரத்துக்குப் போட்டுட்டேன்."

"மெஷின் பொய் சொல்லாது. நீ உப்பு திருடித் திங்கிறே."

அளவு ஏறினால் பிரசவம் வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கோ கடைசி நாள் வரை சொந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும்.

அன்றே உப்பு ஜாடிக்குக் காவல் போடப்பட்டது. காவல் பொறுப்பு மாமியாருக்கு.

"ஜாடியை விட்டு அந்தாண்டை இந்தாண்டை நகர மாட்டேன்டா," என்றாள் அவள்.

மறுநாள் மாலை நூற்று ஐம்பத்தைந்து.

"மாடிப்படி ஏறியிருக்கே!"

துணி காயப்போடுவதும் மாமியாரிடம் போனது. நூற்று அறுபத்திரண்டு. சமையல், பாத்திரம், வீடு துடைப்பது, அழைப்பு மணிக்கு ஓடுவது, எல்லாம் போயின. நூற்று எழுபது!

"விரலைக்கூட அசைக்கலையேங்க!"

"அப்போ உள்ளுக்குள்ள எதையோ நினைக்கிறே. அதையும் நிறுத்து!"

சொன்னவன் அடுத்த நொடியே அவள் துணிகளைப் பையில் அடைத்தான். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மூவரும் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நர்ஸ் அவளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, இரண்டு முறை பார்த்தாள்.

"நூத்தி இருபத்தி நாலுக்கு எண்பது. ரெண்டு தடவையும் அதேதான்."

டாக்டரும் சோதித்துவிட்டுச் சிரித்தார். "குழந்தையும் நல்லா இருக்கு. அதே மாத்திரை, அடுத்த வாரம் வாங்க. இப்போ வீட்டுக்குக் கிளம்புங்க."

மனைவி பந்தயத்தில் கோப்பை வென்றவள்போல எழுந்து நின்றாள். "ஏங்க, இந்த மெஷின் பொய் சொல்லுமா?"

அவன் நோட்டைச் சட்டைக்குள் ஒளித்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமியாரை நர்ஸ் கவனித்தாள். "கையை நீட்டுங்கம்மா, உங்களுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்."

"எனக்கு இன்னைக்கு ஆயிடுச்சும்மா. தினமும் மத்தியானம் இவ தூங்குறப்போ, வலிக்கிற கைக்கு இவ மெஷின் பட்டையைத்தானே சுத்தி அமுக்கிக்கிறேன்!"