'லாம்' பிடிப்பவர்

சபைக்குச் சபை ஒரு உபதேசக் காவலர் இருப்பார். யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாப்டிஸ்ட் சபைக்குக் கிடைத்தவர் சகோதரர் ஃபிலிமோன். நாங்களெல்லாம் பிரசங்கம் கேட்க வருவோம். அவர் பிழை பிடிக்க வருவார். இரண்டாம் பெஞ்சு, இடது ஓரம், மடியில் நோட்டு, காதில் சிவப்புப் பென்சில். போதகர் வாயைத் திறந்ததும் பென்சில் காதிலிருந்து இறங்கும், அதைப் பார்த்ததும் போதகருக்கு மனப்பாட வசனம் மறந்துபோகும், மறந்ததற்கும் ஒரு கோடு விழும்.

காவல் வேண்டாமா? வேண்டும்தான். கள்ளப் போதகர்கள் ஊரூராகச் சுற்றுகிறார்கள். ஆனால் வீட்டிலுமா? மனைவி சவேத்தா, "சூப்புல உப்பு சரியா இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றால் போதும்.

"நெனைக்கிறியா? நிச்சயமாத் தெரியுமா?"

"வாயில வச்சுப் பாருங்க, தெரியும்."

எங்கள் போதகர் லிவியு சாது. குடித்தே செத்துப்போன ஆட்டுக்காரர் ஒருவரின் அடக்கத்தில், அழுதுகொண்டிருந்த மகளிடம், "ஒருவேளை கடைசி நேரத்துல அப்பா ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். கல்லறைத் தோட்டத்திலேயே பென்சில் இறங்கியது.

"கூப்பிட்டாரா, கூப்பிடலையா? அதென்ன 'லாம்'?"

"எனக்கெப்படித் தெரியும் சகோதரரே? வேதத்துல நினிவே ராஜாகூட 'ஒருவேளை தேவன் மனமிரங்குவார்'னுதானே சொன்னாரு?"

"அவன் புறஜாதிக்காரன்!"

நோட்டைப் புரட்டினால் ஏற்கனவே பதினாறு 'லாம்'கள். சபை கூடியது. "போதகரை நீக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் ஃபிலிமோன். அந்த 'லாம்' மட்டும் நோட்டில் ஏறவில்லை. நானும் தூக்கினேன். இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லிவியு தட்டுமுட்டுச் சாமான்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது, வழியனுப்ப அந்த ஆட்டுக்காரரின் மகள் மட்டும் வந்து நின்றாள்.

அடுத்த மாதம் பளபளக்கும் கோட்டோடு புதிய போதகர் ஒக்டாவியன் வந்து இறங்கினார். ஒரு மணி நேரப் பிரசங்கம், நூறு 'நிச்சயம்', ஒரு 'லாம்' இல்லை. பரலோகத்துக்கு யார் யார் போவார்கள், எந்த வரிசையில் உட்காருவார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வரிசையில் ஃபிலிமோனாம். "இப்படி ஒரு காவலரை நான் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை!" என்றார். பென்சில் காதை விட்டு அசையவில்லை.

"எனக்கென்னவோ இந்த ஆளு மேல சந்தேகமா இருக்குங்க" என்றாள் சவேத்தா.

"சந்தேகம் விசுவாசத்துக்கு விரோதம்."

நடக்க முடியாத கிழவிகளை ஆராதனைக்கு அழைத்துவரச் சபையில் ஒரு வேன் இருந்தது. மோல்டோவா நாட்டில் ஊழியம் என்று ஒக்டாவியன் அதன் சாவியைக் கேட்டார்.

"எப்போ திரும்புவீங்க?" என்று கேட்டோம்.

"வெள்ளிக்கிழமை. நிச்சயம்!"

சாவியை எடுத்துக் கொடுத்தவர் ஃபிலிமோன். ஆறு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. கிழவிகள் சேற்றில் தடியூன்றி வருகிறார்கள், வழி முழுக்க ஃபிலிமோனைத் திட்டிக்கொண்டே.

போன ஞாயிறு சவேத்தா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏங்க, வண்டி திரும்பி வருமா?"

ஃபிலிமோன் நோட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வர... லாம்."

வாசகரே, நான் எழுதியதில் எத்தனை 'லாம்' என்று எண்ணிக்கொண்டா வந்தீர்கள்? கொஞ்சம் காதைத் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு பென்சில் இருக்கலாம்.