டைம்கீப்பர் பார்த்த பேஸ்பால்

காரைக்குடியில் சூரியன் உதிப்பதே எங்கள் டைம்கீப்பரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். பேருந்து நிலையத்துக் கூண்டில் அவர் உட்கார்ந்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "தேவகோட்ட வண்டி எடுப்பா, எடு" என்று சொன்ன பிறகும் விடியாமல் இருந்த நாள் எனக்குத் தெரிந்து இல்லை. பஸ் வரும் நேரம், போகும் நேரம் குறிப்பது, நேரமாகியும் நகராத வண்டியை விசில் ஊதி விரட்டுவது, இதுதான் முப்பது வருடமாக அவர் வேலை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், யாரும் பார்த்ததில்லை. கூண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. வீடும் அவர் தெருவிலேயே. ஆகவே எல்லாவற்றுக்கும் நான் சாட்சி.

கூண்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் உலகத்தையே பஸ்ஸாகப் பார்த்தார். தெருவில் ஒரு கல்யாணம். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று ஐயரை மிரட்டினார்.

"முகூர்த்தம் எட்டரை வரைக்கும்னு பத்திரிகையில போட்டிருக்கீக. எட்டு பத்தாச்சு. பொண்ணு ஏறியாச்சு, மாப்பிள்ளை ஏறியாச்சு. இன்னும் யாருக்குச் சாமி நிப்பாட்டி வச்சிருக்கீக?"

மாப்பிள்ளை பயத்தில் தாலியைக் கட்டியே விட்டான். நாதஸ்வரக்காரர் அப்போதுதான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் பந்தியில்தான் கொட்டியது.

வீட்டிலும் இதே கதை. "குக்கர் விசிலடிச்சாப் போதும் தம்பி, சாப்பிட்டுக்கிட்டு இருக்க மனுசன் எந்திரிச்சுக் கைய ஆட்டுறாரு" என்று மீனா அக்கா, அதாவது அவர் மனைவி, என்னிடம் புலம்பியிருக்கிறார்.

இத்தனை பஸ்ஸை அனுப்பி வைத்தவர், தான் மட்டும் எதிலும் ஏறியதில்லை. லீவு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஒரே மகள் தேனு பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து பேஸ்பால் அணியில் பந்து எறிகிறவள் அவள்தான். பேஸ்பால் என்றால் எங்கள் தெருவில் தெரிந்ததெல்லாம், கிரிக்கெட் பேட்டை உருட்டுக்கட்டையாக்கினால் வருகிற ஆட்டம் என்பதுதான். நாலு வருடமாக அவள் எறிகிறாள். நாலு வருடமாக அப்பா ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை. கூப்பிட்டால், "கூண்ட யாருத்தா பாக்குறது?" என்பார்.

மாநிலப் போட்டிக்கு அணி தேர்வாகி, திருச்சியில் ஆட்டம் என்று முடிவானதும் தேனு கடை வாசலில் வைத்தே அவரிடம் கேட்டாள். "இதுக்கப்பறம் பரீட்சை, நர்சிங் காலேஜு. இனிமே ஆட மாட்டேன்ப்பா. ஒரே ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் பேப்பரை அடுக்கினேன். "சரித்தா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் நிம்மதி போயிற்று.

மறுநாளே பயணத் திட்டத்தோடு கடைக்கு வந்தார், பத்து நகல் வேண்டும் என்று. போவது அவர், மீனா அக்கா, துணைக்கு நான். தேனு அணியோடு முதல்நாளே போய்விடுவாள். மூன்று பேருக்கு எதற்குப் பத்து என்று கேட்டேன். "தொலைச்சுப்புட்டா?" என்றார். தாளில் இப்படி இருந்தது: காலை 5.46 வீட்டைப் பூட்டுதல். 5.47 பூட்டை இழுத்துப் பார்த்தல். 6.10 பஸ். புதுக்கோட்டையில் டீ, ஆறு நிமிடம், இயற்கை உபாதை உட்பட. 10.00 ஆட்டம் ஆரம்பம். அதற்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதற்கும் கீழே, 1.25 திரும்புகிற பஸ், 4.00 கூண்டு. அரை நாள் அனுமதிதான் வாங்கியிருந்தார்.

காலிக் கட்டத்தை நிரப்ப, தேனு பள்ளிக்கூடத்து பி.டி. சாருக்குப் போன் போட்டார்.

"சார், ஆட்டம் எத்தன மணிக்கு முடியும்?"

"இதுல டைமே கிடையாதுங்க. ஏழு இன்னிங்ஸ். முடியும்போது முடியும்."

"அப்ப கடைசியில மணி அடிப்பாகள்ல?"

"மணியெல்லாம் இல்லைங்க."

"விசிலு?"

"இல்லைங்க. சமமா இருந்தா, ஒரு பக்கம் ஜெயிக்கிற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

டைம்கீப்பர் போனைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்து, சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். "டைமில்லாம ஒரு ஆட்டமா? கேக்க ஆளில்லையா தம்பி?" என்றார். போட்டி நடத்துகிறவர்களுக்கு, முடியும் நேரத்தைத் தெரிவிக்கும்படி கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பிறகு போனில் வெளிநாட்டு ஆட்டங்களைப் போட்டு, வாட்ச்சை வைத்து அளந்தார். ஒன்று இரண்டரை மணியில் முடிந்தது, இன்னொன்று நாலு மணி தாண்டியது. முகம் கறுத்துப் போய் ஒருவழியாக "1.00 முடிவு" என்று அவராகவே போட்டுக்கொண்டார். ஆட்டம் அதற்குக் கட்டுப்படும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

போகும்போது டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, "திருமயம் மூணு நிமிஷம் லேட்டு" என்று காதில் ஓதிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்கவே இல்லை.

திருச்சி மைதானத்தில் பத்து மணிக்கு இரண்டு அணிகளும் தயார். சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. பத்தே கால், பத்தரை. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். மேடையில் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போட்டு முடித்து, போட்டவர்களுக்கே மறுபடி போட ஆரம்பித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் டைம்கீப்பரைக் காணோம். மைக்கில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது.

"காரைக்குடி டீம், சேலம் டீம், ரெண்டு வண்டியும் உடனே எடுக்கவும்! நாப்பது நிமிஷம் லேட்டு! பின்னாடி வர்ற வண்டிக்கு எடம் விடுங்கப்பா! எடு, எடு!"

அந்தக் குரலுக்கு முப்பது வருடமாக டிரைவர்களே பணிந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எம்மாத்திரம்? இரண்டு அணிகளும் ஓடிப்போய் இடத்தில் நின்றுவிட்டன. நடுவரும் பின்னாலேயே ஓடினார். தேனு மட்டும் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது மூன்றாவது இன்னிங்ஸ்.

தேனு எறிந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஆட்டம் புரியவில்லை, ஆனால் எதிரே கட்டையோடு நின்ற பிள்ளைகள் வெறும் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனது புரிந்தது. டைம்கீப்பர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று, சமம். மணி ஒன்று.

"இன்னும் ஆடுவாக" என்றேன் மெதுவாக.

அவர் எழுந்து வாட்ச்சைப் பார்த்தார். எறியப் போன தேனு அதைப் பார்த்துவிட்டாள். அவள் கையிலிருந்து போன பந்து, பிடிக்கிறவள் தலைக்கு மேல் பறந்து வேலியில் மோதியது. அடுத்ததும் அப்படியே.

மீனா அக்கா குரலை உயர்த்தவில்லை. "போறதுன்னா போயிருங்க. அவ பாக்க வாட்ச்சப் பாக்காதீக."

டைம்கீப்பர் உட்கார்ந்தார். போனை எடுத்துக் கூண்டுக்கு அடித்தார். அவருக்குப் பதிலாக இருந்த பையனின் குரல் எனக்கும் கேட்டது.

"டேய், நான் வர லேட்டாகும்."

"யாருங்க பேசுறது?"

"நான்தாண்டா."

"அண்ணன் போன எங்கடா எடுத்த? மரியாதையா கொண்டாந்து குடுத்துரு, போலீசுக்குப் போயிருவேன்!"

"அட, நான்தாண்டா! லேட்டாகும்னு சொல்றேன்ல!"

பிறகு பையன் பயந்துபோய்க் கேட்டான். "எம்புட்டு நேரம்ண்ணே?"

அவர் மைதானத்தைப் பார்த்தார். "தெரியலடா" என்றார்.

ஒன்று இருபத்தைந்து பஸ் எங்கள் மூவரையும் விட்டுவிட்டுப் போயிற்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் சேலத்துப் பிள்ளை ஒருத்தி ஓங்கி அடித்தாள். ஒரு ரன்னில் தோற்றோம். தேனு அழுதுகொண்டே வந்தாள்.

"தோத்துட்டோம்ப்பா. ஒங்க பஸ்ஸும் போச்சு."

"பஸ்ஸு கெடக்கு போ. இது போனா அடுத்தது" என்றார், எந்த டிரைவரிடமும் இப்படிச் சொல்லாத மனிதர். அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாத்தா அம்புட்டு வேகமா எறிஞ்ச?"

மறுநாள் கடைசிப் பக்கத்தை நகல் எடுக்கச் சொல்லி, தாமதப் பதிவேட்டைக் கூண்டிலிருந்து கடைக்கு அனுப்பினார்கள். நேரம் தவறிய டிரைவர்கள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு அது. டயர் பஞ்சர், ரயில்வே கேட், மழை என்று வரிசையாக இருந்தது. கடைசி வரி டைம்கீப்பர் கையெழுத்து. தாமதம், ஒன்றே கால் மணி நேரம். காரணம் என்ற இடத்தில், "என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள்" என்று எழுதியிருந்தார்.

அவர்கள் கேட்டது ஒரு நகல். நான் இரண்டு எடுத்தேன். இரண்டாவது இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.