பன்னிரண்டு பாடமும் ஒரு தொட்டிப் பாத்திரமும்

கிடங்குக் குமாஸ்தா ஒரு சனிக்கிழமை காலை, பல்கூட விளக்காமல், தன்னைத் திருத்திக்கொள்வது என்று முடிவு செய்தார். திருந்துவதில் மனிதருக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது. விஷயம் வேறு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே வீட்டு வேலையில் ஆளுக்குப் பாதி என்று கல்யாணமான புதிதில் ஓர் ஒப்பந்தம். தன் பாதியைப் பதினாலு வருஷமாக முதுகுவலி, தலைவலி, மாடிவீட்டுக்காரரின் அவசரக் காரியம் என்று தட்டிக்கழித்தே ஓட்டிவிட்டார். இப்போது சாக்குகளெல்லாம் தேய்ந்துபோயிருந்தன. முதுகுவலி என்றால் மனைவி தைலத்தைக் கொண்டுவந்து வைத்து, தேய்த்துக்கொண்டு வந்து துணியைக் காயப்போடச் சொல்கிறாள். புதுச் சாக்கு ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது.

அது துறைத் தேர்வு வடிவத்தில் வந்து சேர்ந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் பதவி, பன்னிரண்டு பாடம். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவர். மூன்றாவதும் போனால் அதற்குமேல் எழுத விடமாட்டார்கள். அதுகூடப் போகட்டும். பக்கத்து மேசைப் பையன், வாய் ஓயாததால் எல்லோரும் டமாரம் என்று கூப்பிடுகிறவன், அவனும் இந்த முறை எழுதுகிறான். சரக்கு வரவுச் சீட்டை எந்தப் பக்கம் மடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அவன் தேறி இவர் தேறாவிட்டால், நாளைக்கு அவனை சார் என்று கூப்பிட வேண்டும்.

நல்ல பழக்கங்களை வளர்ப்பது எப்படி, படித்தது மனதில் நிற்க என்ன செய்வது என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கிடங்குக் காசாளர் இரவல் கொடுத்தார். குமாஸ்தா முதல் பத்துப் பக்கம் படித்தார். காலையில் எழு, கவனம் சிதறாதே என்று இருந்தது. அவருக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிட்டதால் மிச்சத்தைப் படிக்கவில்லை. நேராகப் போய் மனைவியிடம் அறிவித்தார். தொண்ணூறு நாள், தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பு, சாயங்காலமும் படிப்பு.

"கவனம் சிதறக் கூடாதாம். அதனால இந்த வீட்டு வேலையெல்லாம்..." என்று இழுத்தார்.

"நீங்க படிங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்கிறவள் இல்லையே என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவள். முகத்தைப் பார்த்தே யார் வெறும் வயிற்றில் வந்திருக்கிறார்கள், யார் தின்றுவிட்டு வந்து புளுகுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தப் புத்தகத்தைக் கூடத்துக்கு எடுத்துப் போய், ஆள் வராத நேரத்தில், கையில் பென்சிலோடு இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஐந்து மணி. குமாஸ்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடத்தை மடியில் விரித்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி வந்து தோளைத் தட்டினாள்.

"ஏங்க, நாப்பத்திரெண்டாம் பக்கம் படிச்சீங்கல்ல?"

பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்று எப்படிச் சொல்வார். தலையை ஆட்டினார்.

"புதுப் பழக்கம் தனியா நிக்காதாம். தினம் தவறாம நடக்கற ஏதாவது ஒண்ணோட முடிச்சுப் போடணுமாம். நம்ம வீட்ல தினம் தவறாம என்ன நடக்குது?"

"சாப்பிடறோம்."

"சாப்பிட்டதும்?"

குமாஸ்தா சமையலறைப் பக்கம் திரும்பினார். தொட்டியில் நேற்றைய பாத்திரம் முழுதும் கிடந்தது.

அப்புறம் எல்லாம் பக்கம் பக்கமாக வந்தது. அறுபத்தேழாம் பக்கம், படித்ததைப் புத்தகம் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கை பாத்திரம் தேய்க்கிறபோது வாய் சும்மாதானே இருக்கிறது என்றாள் மனைவி. குழாய்க்கு மேலே, தண்ணீர் படாமல் கண்ணாடித்தாள் உறைக்குள், பாடத்தின் தலைப்பை மட்டும் எழுதி மாட்டினாள். எண்பத்தொன்பதாம் பக்கம், முக்கால் மணி நேரம் படித்தால் எழுந்து கைகாலை நீட்டி நிமிர வேண்டும். சலவை இயந்திரம் ஓடுவதும் அதே முக்கால் மணி நேரம். அது கூவினதும் இவர் எழுந்து துணியை உதறிக் கொடியில் போட்டார், கை நன்றாகவே நீண்டது. நூற்றுமூன்றாம் பக்கம், கற்றதை இன்னொருவருக்கு எளிமையாக விளக்க வேண்டும். அந்த இன்னொருவராக மனைவியே முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டு, காப்பியை ஊதிக் குடித்தபடி கேட்டாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. நனைந்த மூட்டையை ஏன் அடியில் வைக்கக் கூடாது, தீயணைக்கும் உருளையை ஏன் கதவுக்குப் பின்னால் மாட்டக் கூடாது என்று குடைந்தாள். பதில் தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறையைப் பெருக்கிக்கொண்டே மறுபடி யோசிக்க வேண்டும். முதல் வாரத்தில் வீடு பளபளவென்று இருந்தது.

மூன்றாம் வாரம் குமாஸ்தா பொங்கிவிட்டார். படிப்புக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம், இது சுத்த மோசடி என்று துடைப்பத்தைப் போட்டார். மனைவி வாதாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நாலாம் பாடத்தைச் சொல்லச் சொன்னாள். மூன்று வரியில் நின்றுவிட்டார். தொட்டியிடம் போய்ச் சொல்லச் சொன்னாள். குக்கரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், தீத்தடுப்பு விதி பதினேழும் வரிசை பிசகாமல் வந்தது. தட்டுகளைத் தொட்டால் அடுக்குமுறை வந்தது, படுக்கை விரிப்பை உதறினால் ஈரப்பதம் வந்தது. சேதாரப் பாடம் மட்டும் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டினால்தான் வரும். தனக்கே இப்படி நன்மை நடப்பதைப் பார்த்து குமாஸ்தாவுக்குக் கோபமான கோபம் வந்தது.

தேர்வு நாள். கேள்வித்தாளைப் பார்த்தார், தலைக்குள் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு பாடமும் துடைத்து வைத்த மாதிரி போய்விட்டது. முன்வரிசையில் டமாரம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். சார், சார் என்று காதுக்குள் கேட்டது. குமாஸ்தாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்தத் தவிப்பில் இடது கை தானாகவே மேசைமேல் ஒரு குக்கரைப் பிடித்தது. வலது கை தேய்க்க ஆரம்பித்தது. ஒன்றாம் விதி வந்தது, பின்னாலேயே இரண்டாம் விதி வந்தது.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கு ஜாடை காட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல சார். குக்கர்" என்றார் குமாஸ்தா.

கண்காணிப்பாளர் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவரைக் கடைசி மூலையில் தனியாக உட்கார வைத்தார். அங்கே இடம் தாராளம். குமாஸ்தா எழுந்து நின்று இரண்டு விரிப்பு உதறி, உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார்.

தேறிவிட்டார். டமாரம் தேறவில்லை, அதனால் அவன் நாலு நாளாக வாயே திறக்கவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள், கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். உன்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படிச் சொன்னால் பாத்திர வேலையும் தன் தலையில் நிலைத்துவிடும் என்று சுதாரித்துக்கொண்டார்.

"தேர்வு முடிஞ்சுது. இனிமே பழக்கமும் கிடையாது, வழக்கமும் கிடையாது. நாளைக்கு ஏழு மணி வரைக்கும் தூங்கப் போறேன்."

"சரிங்க" என்றாள் மனைவி.

மறுபடியும் அதே சுலபம். புது மேற்பார்வையாளர் அதைக் கவனிக்கவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது. இறுக்கி மூடினார். புரண்டு படுத்தார். போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டார். உள்ளங்கை அரித்தது. சும்மா தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மனைவி விழித்துவிடாமல் அடிமேல் அடி வைத்துச் சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார்.

குழாய்க்கு மேலே புது உறை தொங்கியது. முதுநிலை மேற்பார்வையாளர் தேர்வு, பதினெட்டுப் பாடம், பாடம் ஒன்று என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே பெரிய பால் பாத்திரம்.

"ஊற வெச்சிருக்கேங்க" என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "முதல் பாடம் கொஞ்சம் பெருசு."