மஞ்சள் பனியும் விளக்குமாறரும்

கனடாவுக்கு வந்த தமிழர்களில் அயலவரைத் திட்டுவதை முழுநேர வேலையாகச் செய்தவர் விளக்குமாறர் ஒருவர்தான். மிச்ச எல்லோரும் அதைப் பகுதிநேரமாகத்தான் செய்கிறோம்.

மல்வேர்னில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வரிசை வீடுகள், பின்வளவுகளுக்கு நடுவே வேலி கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. விடிய ஐந்தரைக்கு எழும்பி, பனிக் காற்சட்டைக்கு மேல் சாரத்தை மடித்துக் கட்டி, ஊரிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாற்றால் பின்வளவுப் பனியைக் கூட்டுவார். மைனஸ் இருபதிலும் கூட்டுவார். கூட்டி முடிய மறுபடி கொட்டும். மறுபடி கூட்டுவார். கேட்டால், "முத்தம் கூட்டாத வீட்டிலை லட்சுமி நிப்பாளே?" என்பார். மைனஸ் இருபதில் லட்சுமி எந்த முற்றத்திலும் நிற்கமாட்டாள் என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

எங்களிடம் பிரவுணி என்றொரு நாய் உண்டு. என் மகள் அபி இரண்டு வருடம் பள்ளிக்கூடமும் போகாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். அவளை வெளியே இழுத்து வந்தது டொக்டரும் இல்லை, பெற்ற தாய் நானும் இல்லை, அந்த நாய்தான். பிரவுணியில் யாராவது கை வைத்தால் எனக்குப் பத்ரகாளி ஏறிவிடும். விளக்குமாறரோ, நாய் நிற்கிற வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தவர்.

குளிர்காலம் முழுக்கப் பிரவுணி பின்வளவில் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. நாங்கள்தான் எங்கள் கடமையைச் செய்யவில்லை. அடுத்த மணித்தியாலமே பனி கொட்டி மூடிவிடுகிறதே, பிறகேன் குளிருக்குள் போய் அள்ளுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் ஐந்து மாதம் மறைத்தோம். மார்ச் கடைசியில் சோறு உருகியது.

ஐயோ, அந்தக் காட்சியையும் வாடையையும் என்னென்று சொல்வது! ஐந்து மாதச் சரக்கும் அடுக்கடுக்காக மேலே வந்தது. போதாக்குறைக்கு எங்கள் வளவு மேடு, அவருடையது பள்ளம். உருகிய தண்ணீர் நேரே அவர் கூட்டி வைத்திருந்த முற்றத்துக்குப் போனது.

"பிள்ளை! உது என்ன கோதாரி பிள்ளை? சித்திரை வருசத்துக்கு இந்த முத்தத்திலை பொங்குவம் எண்டு இருந்தனான். இனிப் பானையை எங்கை வைக்கிறது, உன்ரை தலையிலையே?"

"அள்ளுறன் எண்டு சொல்லுறன் தானே அண்ணை!"

"எப்ப? நாய் செத்த பிறகே?"

நாயின் சாவை வாயில் எடுத்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "உங்கடை முத்தத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கோ!" என்று கத்திக் கதவை அடித்துச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம், திங்கள் காலை பார்க்க வருவார்களாம், வளவு சுத்தமில்லையென்றால் நாயை அகற்ற வேண்டுமாம். யார் எழுதியது என்று கேட்கவும் வேண்டுமா? அபி கடிதத்தை வாசித்தாள். நாயையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த இரண்டு வருடமும் கேட்ட அதே சத்தம். "கோதாரியிலை போற மனுசன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாகத் திட்டினேன்.

சனியும் ஞாயிறும் வேலைக்கு லீவு போட்டு அள்ளினேன். பாதி சேறு, பாதி ஐஸோடு ஒட்டிய கல். கல்லைத் தோசை பிரட்டுகிற தட்டகப்பையால் கிளப்பினேன். அந்தத் தட்டகப்பையைப் பிறகு எறிந்துவிட்டேன், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் பயப்பட வேண்டாம். அள்ளி முடித்தும் மனம் ஆறவில்லை. ஊரில் தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணீர் தெளிப்போம் அல்லவா? ஒரு வாளி நிறையக் கரைத்து, மிச்சமிருந்த பனிமேல் மூலைமுடுக்கெல்லாம் தெளித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் நிர்வாகத்துப் பெண் வந்தபோது வளவு முழுக்கப் பளபளவென்று மஞ்சளாக உறைந்து கிடந்தது. அவள் பனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உங்களிடம் மொத்தம் எத்தனை நாய்கள்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். அத்தனை மஞ்சளையும் அவள் நாய் மூத்திரம் என்று எண்ணிவிட்டாள். அபி பின்கதவில் பிரவுணியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து விளக்குமாற்றோடு வந்தார் மனிதர். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"மேடம், ஸ்டொப்! நோ டோக், நாய் இல்லை! திஸ் மஞ்சள்! கறிக்குப் போடுற மஞ்சள்!"

அவள் நம்பவில்லை. எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக்கூடத் தொடாத அந்த மனிதர் குனிந்தார், ஒரு பிடி மஞ்சள் பனியை அள்ளினார், வாயில் போட்டார். அந்தப் பெண் வீரிட்டுக் கத்தினாள். இவர் ஆற அமர மென்று விழுங்கிவிட்டு, "குட் மஞ்சள்" என்றார்.

முறைப்பாடு கொடுத்ததே நீங்கள்தானே என்று அவள் கேட்டாள். அவர் அபியிடம் திரும்பினார்.

"ஓம், நான்தான் எழுதினனான். பிள்ளை, நீ இங்கிலீசிலை வடிவாச் சொல்லு. நான் நாயைப் பற்றி எழுதேல்லை, உன்ரை கொம்மாவைப் பற்றித்தான் எழுதினனான். நாய்க்குக் கையிருக்கே, அள்ளுறதுக்கு? நாய் நிக்கட்டும். ஆரையும் வீட்டை விட்டு எழுப்பத்தான் வேணுமெண்டால் கொம்மாவை எழுப்பச் சொல்லு!"

அபி ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தாள். இடையிடையே சிரிப்பு வந்து அவளால் பேச முடியவில்லை. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கனகாலம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்துவிட்டுப் போனாள். பிரவுணி தப்பியது.

கோபமும் அழுகையும் ஒன்றாய் வர, "பெரிய உதவி அண்ணை" என்றேன்.

"உதவியைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு. உந்த மூலையிலை இன்னும் ரெண்டு கிடக்கு, அள்ளு!"

போன வருடம் மோர்னிங்சைட் பக்கம் வேலி போட்ட வீட்டுக்கு மாறிவிட்டோம். அயலவர்கள் தங்கமானவர்கள், கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் குளிர்காலம் பிரவுணியுடையதை அன்றன்றே அள்ளினேன். இந்த வாரம் பனி உருகியது, வளவில் ஒரு துரும்பில்லை. ஏனோ மனம் கேட்கவில்லை, அவருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, அள்ளியாச்சே?"

"இல்லை அண்ணை, எல்லாம் அப்பிடியே கிடக்கு" என்று பொய் சொன்னேன்.

அரை மணித்தியாலம் திட்டினார். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டேன்.