ஈரத்துணியால் அழித்த விமர்சனம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8-6-1987

ராஜபாளையம் தெலுங்குப் பட ரசிகர் விமர்சனக் குழுவின் ஆசிரியரும், என் உடன்பிறந்த தங்கை அழகுத்தாயின் கணவருமான மாப்பிள்ளை ஐயாதுரை அவர்களுக்கு, தவசிமுத்து எழுதுவது.

பஞ்சு மார்க்கெட் டீக்கடைச் சுவரில் நம் குழு மாட்டியிருக்கும் கரும்பலகையில் நான் என் கைப்பட எழுதிய விமர்சனத்தை, சென்ற செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் ஈரத்துணியால் அழித்தீர்கள். அழித்த இடத்தில், "இது உறக்கத்தில் எழுதப்பட்ட விமர்சனம், வாசகர்கள் மன்னிக்கவும்" என்று எழுதினீர்கள். இது தவறு. தவறை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நலம் விசாரிப்பதுதான் நேர்மை என்பதால் இந்த வரிசையில் எழுதுகிறேன். நான் நலம். வீட்டில் சுடலையம்மாளுக்கு முழங்கால் வலி தவிர மற்றபடி நலம். அங்கே நீங்களும் தங்கையும் வரும் வெள்ளிக்கிழமை கல்யாணப் பெண்ணாகும் உங்கள் மகள் பரிபூரணமும் நலமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். வேண்டுதல் வேறு, விமர்சனம் வேறு.

குழு தொடங்கிய 1974-ஆம் ஆண்டில் ஒரு விதி எழுதினோம். எழுதியவர் நீங்கள், சொல்லச் சொல்ல எழுதவைத்தவன் நான். ஒருவர் எழுதிய விமர்சனத்தில் இன்னொருவருக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் அதன் கீழே தன் பெயரோடு எழுதலாம், மேலே இருப்பதை அழிக்கக் கூடாது என்பது அந்த விதி. பதின்மூன்று ஆண்டுகளாக யாரும் அதை மீறியதில்லை. குருசாமி ஒரு படத்தில் கதாநாயகனின் குதிரைக்கு மட்டும் மதிப்பெண் போட்டபோதுகூட நாம் அழிக்கவில்லை, கீழே ஒன்பது பேர் எழுதினோம். எழுத்து பலகையைத் தாண்டிச் சுவரில் இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் குதிரைக்குக் கிடைத்த மரியாதை முப்பத்தோரு வருஷம் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்த எனக்குக் கிடைக்கவில்லை.

படத்தின் பெயரை எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்கே தெரியும். சென்ற மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கு நானும் சுடலையம்மாளும் போனோம். பெயர் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்தோம், கடைசியில் திரை மூடிய பிறகு எழுந்தோம். நடுவில் ஒருமுறை விளக்கைப் போட்டு இருபது நிமிடம் முறுக்கு விற்றார்கள், விசில் பறந்தது, மிஷின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். கதையில் ஒரு தாய்மாமன். தகப்பன் இல்லாத தங்கை மகளை அவன்தான் வளர்க்கிறான். ஒரு களத்துமேட்டில் அவனை எதிரிகள் வெட்டிச் சாய்க்கிறார்கள். சிதை மூட்டுகிறார்கள், எரிகிறது, நன்றாகவே எரிகிறது. பிறகு அந்தப் பெண் பழிவாங்கக் கிளம்புகிறாள். பிறகு அவளுக்குக் கல்யாணம். பந்தலில் மேளம் அடிக்கிறது, வாசலைப் பார்த்தால் அந்த மாமன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தலையில் சீர்த்தட்டோடு வருகிறான். யாரும் அலறவில்லை. எல்லோரும் வாங்க வாங்க என்கிறார்கள். அவன் மாலையைப் போட்டுவிட்டு, பெண்ணின் தலையைத் தொட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மாப்பிள்ளை, நான் அழுதேன். சுடலையம்மாள் முந்தானை நனைய அழுதாள். செத்துப்போனவன் சீர் கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான், சாவுகூட ஒரு தாய்மாமனைத் தடுக்கவில்லை என்று ஒரு ஆள் படம் எடுத்திருக்கிறானே என்று மெய்சிலிர்த்துப்போனேன். அந்தப் பெண்ணின் கழுத்தில் கல்யாணத்துக்கு முன்பே தாலி கிடந்ததையும் கவனிக்காமல் இல்லை. பதிவுத் திருமணம் முடித்துவிட்டு அப்புறம் ஊரறியச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விமர்சகன் எல்லாவற்றையும் கேள்வி கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, காலை ஷிப்டு ஆட்கள் வருவதற்குள் பலகையில் எழுதி முடித்தேன். "இறந்த தாய்மாமன் சீரோடு வரும் காட்சி எந்த மொழியிலும் இதுவரை வந்ததில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு" என்று முடித்திருந்தேன். தொண்ணூற்றிரண்டு நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதைப் படித்துவிட்டு அன்று மாலை உங்கள் ஊர்க் காட்சிக்கு நாற்பது ஐம்பது பேர் போயிருக்கிறார்கள். மாமன் செத்தவுடன் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தா வந்துருவாரு, இந்தா வந்துருவாரு என்று கடைசிவரை காத்திருக்கிறார்கள். மாமன் வரவே இல்லை. மறுநாள் காலை அவர்கள் பலகைக்கு முன்னால் கூடி, செத்தவன் எங்கே என்று உங்களைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் குழுவின் ஆசிரியர். மச்சான் பார்த்தது என்ன என்று அவரையே கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்கிருந்து அங்கே டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். நீங்கள் டீக்கடையில் துணி கேட்டு வாங்கினீர்கள்.

சேதி கேட்டு அன்று சாயங்காலமே வந்தேன். டீக்கடையில் இருபது பேர் இருந்தார்கள். நீங்கள் எழுந்து பெஞ்சில் இடம் விட்டீர்கள், அது மரியாதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்காருவதற்குள், "மச்சானுக்கு வயசாயிருச்சுல்லா, செத்த நேரம் கண்ணசந்திருப்பாரு, அதைப் போயிப் பெருசு பண்ணாதிய" என்று எனக்காகப் பரிந்து பேசினீர்கள். நீங்கள் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அதற்கு மேல், தெலுங்கு வீட்டுமொழியாகப் பிறந்துவிட்ட ஒரே காரணத்தால் எல்லாம் தெரிந்தவர் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சோலைராஜ், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமகாரு, மீக்கு அர்த்தமைந்தா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்ததா என்று கேட்கிறாராம். அதையும் தெலுங்கில் கேட்டால் புரியாமல் விழிப்பேன் என்று எண்ணம். "நீகண்டே பாகா அர்த்தமைந்தி" என்று சொன்னேன், உன்னைவிட நன்றாகவே புரிந்தது என்று. நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தெலுங்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மில்லில் பக்கத்து மிஷின்காரர்கள் திட்டுவதைக் கேட்டுப் பேச்சும், சுவரொட்டியைப் பார்த்து எழுத்தும் நானாகக் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாரம் ஒரு தெலுங்குப் படம் பார்க்கிறேன். எனக்குப் புரியவில்லை என்று ஒருவர் சொல்ல, நீங்கள் சும்மா இருந்தீர்கள். நான் டீயைக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

புதன்கிழமை விசாரணையை நானே தொடங்கினேன். இரண்டு ஊர்த் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பத்து மணிக்குப் படம் தொடங்கும், இங்கே பதினொன்றேகாலுக்கு. அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டி பெட்டியாக மோட்டார் சைக்கிளில் கட்டி இங்கே கொண்டுவருபவர் சேதுபதி. நாற்பது வயது ஆள், பொறுப்பானவர் என்று பெயர். அவரைத் தியேட்டர் வாசலில் பிடித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னார்.

"நாலாம் பெட்டி கொண்டு வாரப்ப வன்னியம்பட்டிகிட்ட டயர் பஞ்சராயிருச்சு, அண்ணாச்சி. பின்னால வந்த டவுன் பஸ்ல பெட்டிய ஏத்தி, தியேட்டர்கிட்ட எறக்கிருங்கன்னு கண்டக்டர்ட்டச் சொல்லி விட்டேன். அதுமேல ஒரு ஆச்சி உக்காந்துகிட்டு எந்திரிக்கவே இல்லையாம். பெட்டி வ. புதுப்பட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருது. அதுக்குள்ள நான் பஞ்சர் ஒட்டி அஞ்சாம் பெட்டி, ஆறாம் பெட்டி ரெண்டையும் கொண்டாந்துட்டேன். சனம் சேரை ஒடைக்காங்க. ஆபரேட்டர் அஞ்சையும் ஆறையும் ஓட்டிட்டாரு. பொறவு நாலு வந்துச்சு. டிக்கெட் எடுத்தவன் அம்புட்டு ரீலும் பாக்கணும்லா, அதையும் போட்டு, ஏழாம் பெட்டியோட முடிச்சுவிட்டாரு."

அதாவது, மாமன் சீர் கொண்டுவருவது நாலாம் பெட்டி. மாமன் சாவது ஐந்தாம் பெட்டி. உங்கள் ஊரில் மாமன் சீர் செய்துவிட்டுச் செத்தான், எங்கள் ஊரில் செத்த பிறகு சீர் செய்தான். நடந்தது இவ்வளவுதான். நான் உறங்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. உறங்கியவனுக்கு இவ்வளவு வரிசையாகத் தப்பாகத் தெரியாது. இதைச் சேதுபதியையே அழைத்துக்கொண்டு வந்து வியாழக்கிழமை உங்களிடம் சொன்னேன். அதற்கு நீங்கள் சொன்னது: "சரி மச்சான், ரீல் மாறிருச்சு, அப்ப உங்க விமர்சனம் தப்புதானே? அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்." இங்கேதான் நமக்குள் பிளவு. என் விமர்சனம் தப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடிய படத்துக்கு நான் விமர்சனம் எழுதினேன். அது அப்படித்தான் ஓடியது. அறுநூறு பேர் பார்த்தோம், பாதிப் பேர் அழுதோம். ராஜபாளையத்தில் ஓடிய படத்துக்கு நீங்கள் கீழே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்வேன், படத்தை எடுத்தவரே வந்தாலும் சொல்வேன், எங்கள் ஊர் வரிசைதான் நல்ல வரிசை. உங்கள் ஊர்ப் படத்துக்கு நான் ஐம்பதுக்கு மேல் போட மாட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பரிபூரணம் வந்தாள். இன்றைக்குப் பந்தக்கால் ஊன்றிவிட்டால் வெளியே விடமாட்டார்கள் என்று ஒருநாள் முந்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் தனியாக வந்துவிட்டாள். நான் கதவைத் திறந்து வா என்று சொன்னதோடு சரி. சுடலையம்மாள் அவளுக்குச் சோறு வைத்துக்கொண்டே, "ஏட்டி, ஒங்க மாமா கல்யாணத்துக்கு வர மாட்டேங்காரு, நீயே கேளு" என்று என்னை மாட்டிவிட்டாள். நான் நியாயத்தை முதலிலிருந்து எடுத்துச் சொன்னேன், நாலாம் பெட்டி, ஐந்தாம் பெட்டி, பலகை விதி எல்லாம். அவள் ஒரு வாய் சோறு எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"மாமா, செத்துப்போனவரே சீர் கொண்டாந்தாருன்னு எழுதுனீய. நீங்க உசுரோட இருந்துகிட்டு வர மாட்டேங்கிய. இதுக்கு எம்புட்டு மார்க் போட?"

கல்யாணப் பெண்ணோடு வாதாடக் கூடாது என்பதால் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவளைப் பஸ் ஏற்றிவிட நானே போனேன்.

ஆகவே மாப்பிள்ளை, முடிவாக எழுதுகிறேன். மாமன் எடுத்த சேலையை உடுத்தி, மாமன் போட்ட மாலையோடுதான் நம் வீட்டுப் பெண் மணவறைக்கு வருவாள், அது வழக்கம். அந்த வழக்கம் எனக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை காலை அந்த இடத்தில் ஆள் இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும். அதற்குள் பலகையில் என் விமர்சனம் முழுவதும், தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் உட்பட, உங்கள் கையெழுத்தில் மறுபடி எழுதப்பட வேண்டும். உறக்கம் என்ற சொல்லுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் என் ஆசீர்வாதம் வரும், நான் வர மாட்டேன். மணமக்கள் பதினாறும் பெற்று, இரண்டு பேரும் ஒரே தியேட்டரில் ஒரே காட்சி பார்த்து, கருத்து வேறுபாடு இல்லாமல் நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறேன். தங்கைக்கு என் அன்பு. உங்களுக்கு என் மரியாதை, அது குறையவில்லை, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தவசிமுத்து

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கடிதத்தை எழுதி இரண்டு நாள் ஆயிற்று, தபாலில் போடவில்லை. காரணம் கேட்க வேண்டாம். அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை எடுத்தாயிற்று. மாலைக்கு இங்கே கோயில் மாடவிளாகத்துப் பூக்கடையில் சொல்லிவிட்டேன், நேரில் நின்று கட்ட வைப்பேன். இந்தக் கடிதத்தை வ. புதுப்பட்டி சுயம்புலிங்கம், நாளைக் காலை உங்கள் ஊர் மாவு மில்லுக்கு வரும்போது, உங்களிடம் தருவார். மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் நடக்க வேண்டியவை வேறு, அவற்றைக் கீழ்க்கண்டபடி செய்யவும். நாங்கள் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வருகிறோம். சீர்த்தட்டுகளை இறக்க பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வர வேண்டாம், கல்யாண வீட்டுக்காரர் அலையக் கூடாது, சோலைராஜ் வரட்டும், வந்து தமிழில் பேசட்டும். சேதுபதிக்குப் பத்திரிகை போகவில்லை என்று கேள்விப்பட்டேன், குருசாமி கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டும். சுடலையம்மாளுக்குக் கீழே உட்கார முடியாது, தங்கை ஒரு நாற்காலிக்குச் சொல்லிவைக்க வேண்டும். பலகையில் யாரும் எதுவும் எழுத வேண்டாம், கல்யாணம் முடியும்வரை அதை நீங்களே கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். மறுவீடு முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம், அதற்குப் படம் பார்த்த அந்த நாற்பது ஐம்பது பேரும் வரட்டும். பரிபூரணம் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் தட்டோடு வாசலுக்கு வரும்போது நிமிர்ந்து பார்த்து, வாங்க மாமா என்று அவள் சொல்ல வேண்டும்.